கண் திறக்காத டிராகன்

பர்கூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் வழியில், சர்வீஸ் ரோட்டை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு கல்பட்டறை. அதாவுல்லாவுடையது. கல்லில் எழுத்து வெட்டுவது அவர் தொழில். தமிழ், இங்கிலீஷ், கன்னடம், தெலுங்கு, அரபி, எதைக் கொடுத்தாலும் முத்து முத்தாக வெட்டிவிடுவார். அதே ஆளிடம் ஒரு பேனாவையும் தாளையும் கொடுத்தால், எழுதியதை மறுநாள் அவராலேயே படிக்க முடியாது. வெட்டுகிற மொழிகளில் பாதியை அவருக்கு வாசிக்கவும் தெரியாது. அதில் அவருக்கு வருத்தமில்லை. "படிக்கத் தெரிஞ்சா அர்த்தம் பாக்கத் தோணும். அர்த்தம் பாத்தா கை நடுங்கும்" என்பார். புதுமனைப் பெயர்ப்பலகையும் சமாதியில் நடும் மீசான் கல்லும் ஒரே கையால் வெட்டுகிற மனிதருக்கு அது நியாயமான கவலைதான்.

உருவம் மட்டும் வெட்டமாட்டார். உயிருள்ள எதையும் கல்லில் கொண்டுவராதே, அதிலும் கண் வைக்காதே என்பது அவருடைய அத்தா விட்டுப்போன சொல். அத்தா வேறெதையும் பெரிதாக விட்டுப்போகவில்லை. அதனால் இதை அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

ஆனால் பட்டறையில் உருவம் வெட்டாத வாரம் கிடையாது. அதற்கு முனீஸ்வரன் இருந்தான். கூரைக்கு இந்தப் பக்கம் அதாவுல்லா எழுத்து வெட்டுவார். அந்தப் பக்கம் முனீஸ்வரன் நாகக்கல் வெட்டுவான். பிள்ளை இல்லாதவர்கள், கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள், அரசமரத்தடியில் வைக்க வாங்கிக்கொண்டு போவார்கள். பாய் பட்டறை நாகக்கல் கைராசி என்று ஊத்தங்கரை வரைக்கும் பேச்சு. வாங்குகிறவர்களுக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை. கல்லை வண்டியில் ஏற்ற ஒரு கை கொடுக்கும் அதாவுல்லாவுக்கும் தெரியவில்லை. ஒரே ஒரு ஏற்பாடு. நாகத்துக்குக் கண் திறப்பது கடைசி வேலை. வாங்குகிறவர்கள் வந்து நின்றபிறகுதான் முனீஸ்வரன் உளியைக் கண்ணில் வைப்பான். வைப்பதற்குமுன், "பாய், டீ!" என்று ஒரு குரல் கொடுப்பான். அதாவுல்லா எழுந்து ரோட்டைத் தாண்டி டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது நாகம் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். யார் திறந்தார்களோ, அவருக்குத் தெரியாது. இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான்.

அவருடைய மகள் ருக்ஸார் பக்கத்து ஷூ கம்பெனியில் இருந்தாள். தைவான்காரர்கள் நடத்துவது. முதலில் பசை லைனில் சேர்ந்தாள், ஷூவின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் ஒட்டுகிற இடம். அந்தப் பசை நாற்றத்தில் தலைவலி வந்து, ராத்திரி சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். அங்கே மிஷின் பார்க்க வந்த தைவான்காரர்கள் பேசுவதைக் கேட்டு, போனில் வீடியோ பார்த்து, சீனமொழி கற்றுக்கொண்டாள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சமையலறையில் அவள் தனியாகப் பேசிக்கொள்வதைக் கேட்டு அவள் அம்மா பேகம், ஏதோ பிடித்துவிட்டது என்று பயந்து, தர்காவிலிருந்து ஒரு தாயத்துகூட வாங்கிவந்து கட்டிவிட்டாள். இப்போது பெரிய மேனேஜர் லின் சாருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மொழிபெயர்க்க உட்கார்த்தி இருக்கிறார்கள். நிரந்தரமில்லை. புது யூனிட் திறக்கிறவரை பார்ப்பார்கள். சரியாக வந்தால் நாற்காலி, இல்லாவிட்டால் மறுபடி பசை.

அந்த ருக்ஸார்தான் ஒரு சாயங்காலம் பட்டறைக்கு வந்து நின்றாள்.

"அத்தா, டிராகன் ஒண்ணு செய்யணும். லின் சார் புது யூனிட் கேட்டுல வெக்கக் கேக்கறாரு. ஆளு உயரக் கல்லு. பக்கத்துலயே கம்பெனி பேரு, மூணு மொழியில. நம்ம பட்டறையில செய்வாங்கன்னு சொல்லிட்டன்."

"கேட்டுட்டுச் சொல்லக்கூடாதா?"

"கேட்டா முடியாதும்பீங்க. அதான் சொல்லிட்டுக் கேக்கறன். பெங்களூர்ல ஆளு பாத்து வெச்சிருந்தாங்க, அத்தா. நான்தான் வேணாம்னன்."

இனி கல் கெட்டால் கல் மட்டும் கெடாது என்பது அதாவுல்லாவுக்குப் புரிந்தது.

அது பாம்பு வருஷம். சீனர்கள் வருஷத்துக்கொரு மிருகமாகப் பன்னிரண்டு மிருகங்களைச் சுற்றவிடுகிறார்கள். லின் சாரும் பாம்பு வருஷத்தில் பிறந்தவர்தான். ஆனால் அப்படிப் பிறந்தவரை முகத்துக்கு நேரே பாம்பு என்று சொல்வது அவர்கள் ஊரில் அழகில்லையாம். சின்ன டிராகன் என்பார்களாம்.

"மரியாதை தெரிஞ்சவங்க" என்றான் முனீஸ்வரன். அவன் வீட்டிலும் விளக்கு வைத்தபிறகு பாம்பின் பேரைச் சொல்லமாட்டார்கள். பூச்சி என்பார்கள். அங்கே பயத்தில் பதவி உயர்த்தினார்கள், இங்கே அதே பயத்தில் பதவி இறக்கினார்கள். இரண்டு பக்கமும் பாம்பை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ருக்ஸார் போனில் படத்தைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னாள். "தலை ஒட்டகம் மாதிரி. கொம்பு மானு. காது மாடு. செதிலு மீனு. நகம் கழுகு. உடம்பு பாம்பு."

முனீஸ்வரன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "ஊரே சேந்து ஆளுக்கொண்ணு மொய் வெச்ச மாதிரி இருக்குதே. பாம்பு வீட்டு மொய்தான் கொஞ்சம் பெருசு."

"றெக்கை மட்டும் வேணாம், மாமா. றெக்கை வெச்சு நெருப்பு கக்கறது வெள்ளக்காரங்களோடது. இது மழை குடுக்கறது. றெக்கை இல்லாமலே பறக்கும்."

"கையில என்னா உருண்டை?"

"முத்து."

"நம்மளதுக்கு மாணிக்கம். பரவால்ல, ஒரே ஜாதிதான். உடம்பு என் கைக்குத் தெரியும், பாப்பா. மத்ததைப் பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து லின் சாரிடமிருந்து தகவல் வந்துகொண்டே இருந்தது. மீசை இங்கே தொடங்கவேண்டும், நகம் இப்படி விரியவேண்டும், வால் இந்தப் பக்கம் திரும்பவேண்டும். அதாவுல்லாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. இருக்கிற பாம்பைப் பற்றி ஊரில் சொல்வதில் பாதி கட்டுக்கதை: பால் குடிக்கும், பழிவாங்கும், மாணிக்கம் கக்கும். அதை யாரும் சரிபார்ப்பதில்லை. இல்லாத டிராகனைப் பற்றிச் சொல்வதில் மட்டும் ஒரு நகம் பிசகக்கூடாது. உண்மையான பாம்புக்குக் கால் இல்லை, காது இல்லை, கொம்பு இல்லை, கண்ணுக்கு இமைகூட இல்லை. இருக்கிற மிருகத்தை இல்லை இல்லை என்றே சொல்லி முடித்துவிடலாம் போலிருக்கிறது. இல்லாத மிருகத்துக்கோ எதுவும் பாக்கியில்லை.

பாம்பைப் பற்றி ருக்ஸார் போனில் தேடிப்படித்த ஒன்றையும் சொன்னாள். நாகக்கல்லில் பின்னிக்கொண்டு நிற்கும் ஜோடி இருக்கிறதே, நிஜத்தில் அப்படிப் பின்னுவது பெரும்பாலும் ஆண் பாம்புகள்தானாம். சண்டையாம்.

அதாவுல்லா அந்தப் பக்கம் எட்டிப்பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதை முனீசுகிட்ட சொல்லிடாத. அவனே இந்தக் கல்லை வெச்சுத்தான் ரெண்டு பிள்ள பெத்திருக்கான்."

பிறகு உளியைத் துடைத்தபடி, "இந்த டிராகன் எங்கியும் உண்மையா இல்லதானே?" என்றார்.

"இல்ல, அத்தா."

"அப்ப ஆண்டவன் படைச்சதுல சேராது."

"சேராது. ஏன் கேக்கறீங்க? முனீஸ் மாமாதானே வெட்டப்போறாரு?"

"சும்மா கேட்டன்."

கல் நல்ல கறுப்பு. முனீஸ்வரன் தலைப்பக்கம் வேலை செய்யும்போது யாரையும் பார்க்கவிடமாட்டான், சாக்குப்படுதா கட்டிக்கொள்வான். அதாவுல்லா இந்தப் பக்கம் பெயர்க்கல்லில் சீன எழுத்துகளை வெட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தும் ஒரு சின்ன வீடு கட்டுகிற வேலையாக இருந்தது. கூரை, தூண், உள்ளே ஒரு ஜன்னல். அர்த்தம் தெரியாததால் கை நடுங்கவில்லை.

படுதாவை அவிழ்த்த அன்று முனீஸ்வரன் ஒரு வாளித் தண்ணீரைக் கல்மேல் ஊற்றினான். கறுப்புக் கல்லில் தண்ணீர் பட்டால் உருவம் எழுந்து வெளியே வரும். வந்தது. உடம்பு சுருண்டு சுருண்டு அற்புதமாக வந்திருந்தது. செதில் ஒவ்வொன்றும் பேசியது. கொம்பு, மீசை, நகம், முத்து, எல்லாம் சரி. தலைக்குப் பின்னால் மட்டும், அகலமாக, வழவழவென்று, ராஜ கம்பீரமாக ஒரு படம் விரிந்து நின்றது. நல்லபாம்பின் படம்.

ருக்ஸார் போனில் அனுப்பியிருந்த படத்தை அதாவுல்லா பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"முனீசு, அது பிடரி மயிருடா. சிங்கத்துக்கு இருக்கற மாதிரி."

"மயிரா? பாம்புக்கு ஏது பாய் மயிரு?"

"இது பாம்பு இல்லியே!"

"உடம்பு பாம்புன்னு பாப்பாதான சொல்லுச்சு? பாம்புக்குத் தலைக்குப் பின்னால விரிஞ்சு நின்னா அதுக்கு என்னா பேருங்க? நீங்களே சொல்லுங்க."

அதாவுல்லா போன் படத்தை மறுபடி பார்த்தார். பிடரி முகத்தைச் சுற்றி விசிறியாகத்தான் விரிந்திருந்தது. வருஷக்கணக்காக நாகம் வெட்டிய கண்ணுக்கு அது வேறென்னவாகத் தெரியும்?

சாயங்காலம் ருக்ஸார் வந்து பார்த்தாள். அடுக்கியிருந்த கல்பலகை ஒன்றில் உட்கார்ந்தாள். மறுநாள் மத்தியானம் லின் சார் கல்லைப் பார்க்க வருகிறார்.

"யாரையும் திட்டாதீங்க, அத்தா. நான்தான் முந்திரிக்கொட்டையா வாயக் குடுத்தன். போய்ப் பசை லைன்லயே நிக்கறன். எனக்குப் பழக்கம்தான்."

பழக்கம் என்ற சொல் அதாவுல்லாவுக்குப் பிடிக்கவில்லை. தள்ளிவைத்த சோற்றுத்தட்டு ஞாபகம் வந்தது.

கல்லில் சேர்க்க முடியாது, குறைக்கத்தான் முடியும். படத்தையே வெட்டி எடுத்தால் தலை தனியாக மொட்டையாக நிற்கும். இருக்கிற படத்தின்மேல் கோடு கோடாக இழைத்து மயிராக்கலாம். முனீஸ்வரன் ஒரு ஓரத்தில் முயன்று பார்த்தான். அவன் கைக்குத் தெரிந்தது சாமி சடைமுடி. கயிறு கயிறாக வந்தது. உளியைக் கீழே வைத்துவிட்டான்.

வேண்டியது மெல்லிய கோடு. தடிப்பாகத் தொடங்கி, வளைந்து, இழையாகி, காற்றில் முடிவதுபோல் முடியவேண்டும். அரபி எழுத்தின் வால் அப்படித்தான் முடியும். பட்டறையில் அது ஒரு கைக்குத்தான் வரும். இரண்டு பேருக்கும் அது தெரிந்திருந்தது, இரண்டு பேரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

அதாவுல்லா தன் சின்ன உளியை எடுத்துக்கொண்டு கூரைக்கு அந்தப் பக்கம் போனார்.

"நான் உருவம் வெட்டல" என்றார். "கோடு வெட்டறன்."

"யாரு பாய் இப்ப என்னா சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானே சொல்லிக்கறன்."

ஒவ்வொரு மயிரையும் ஓர் எழுத்தின் வாலாக நினைத்துக்கொண்டு வெட்டினார். எழுத்து எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. வால் மட்டும்தான் இருந்தது. முகத்துப் பக்கம் பார்வை போகாமல் பார்த்துக்கொண்டார். அங்கே முனீஸ்வரன் கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வழவழப்பான உருண்டைகளை விட்டுவைத்திருந்தான். திறப்பது கடைசி வேலை.

மறுநாள் லின் சார் வந்தார். ஒல்லியான மனிதர், வெயிலுக்குத் தொப்பி. ருக்ஸார் அவருக்குப் பின்னால் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள். உருவம் தெரிவதற்காக முனீஸ்வரன் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டான். தண்ணீர் கல்லில் வழிந்து, தரையில் ஓடி, பலகை அடுக்குக்கு அடியில் புகுந்தது. லின் சார் குனிந்து பிடரியை விரலால் தடவிப்பார்க்கப் போனார்.

அப்போது பலகை அடியிலிருந்து ஒரு பாம்பு வந்தது.

லின் சார் எப்படி அந்த உயரமான பலகை அடுக்குமேல் ஏறினார் என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது மேலே இருந்தார். தொப்பி கீழே கிடந்தது. முனீஸ்வரன் ஹோஸைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"சாரைதான். ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லு பாப்பா" என்றான், அவனும் இரண்டடி பின்னால் நகர்ந்தபடி.

பாம்பு ஒருவரையும் கண்டுகொள்ளவில்லை. படம் எடுக்கவில்லை, சாரைக்கு எடுக்கப் படமும் கிடையாது. மழை கொண்டுவரவில்லை, வளையில் தண்ணீர் புகுந்த எரிச்சலில் வந்திருந்தது. கொம்பும் மீசையும் முத்துமாக நின்ற தன் பெரிய உறவினருக்கு முன்னால், ஈர மண்ணில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போய் ரோட்டோரச் சாக்கடையில் இறங்கிவிட்டது. போகும்போது அதன் கண்ணை அதாவுல்லா பார்த்தார். மூடத் தெரியாத கண். இதை யாரும் உட்கார்ந்து திறந்துவிடவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மேலிருந்து லின் சார் ஏதோ சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். ருக்ஸாரும் சிரித்துவிட்டாள். "பெரியவரைப் பாக்கச் சின்னவரு வந்துட்டுப் போறாராம், அத்தா."

இறங்கியபிறகு அவர் பிடரியைத் தடவினார். நெடுநேரம் தடவினார். இந்த மாதிரி மயிர் எந்த டிராகனுக்கும் பார்த்ததில்லை, எழுதினமாதிரி இருக்கிறது, நன்றாயிருக்கிறது என்றார். முனீஸ்வரன் மூச்சு விட்டான். அதோடு முடிந்திருந்தால் எல்லோரும் டீ குடித்திருக்கலாம்.

லின் சார் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். உள்ளே ஒரு தூரிகை, சிவப்பு மை. இரண்டு கையாலும் தூரிகையை ஏந்தி, லேசாகக் குனிந்து, அதாவுல்லாவிடம் நீட்டினார்.

ருக்ஸார் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "டிராகனுக்குக் கடைசியா கண்ணுல புள்ளி வெப்பாங்களாம், அத்தா. வெச்சாத்தான் உயிர் வருமாம். மரியாதைப்பட்டவங்க கையாலதான் வெக்கணுமாம். நீங்க... நீங்க வெக்கணும்னு கேக்கறாரு."



"பாய், டீ!" என்று உரக்கக் கத்தினான் முனீஸ்வரன்.

நல்ல மனசு. ஆனால் இரண்டு கையால் நீட்டிய தூரிகைக்கு முன்னாலிருந்து டீ குடிக்கப் போக முடியாது. அதாவுல்லா தூரிகையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். நேற்று கோடு என்று சொல்லிக்கொண்டதை இன்று என்ன சொல்லிக்கொள்வது? புள்ளி என்றா? படைக்காத மிருகம் என்றா? எல்லாம் சொல்லலாம். சொல்லிவிட்டு ராத்திரி தொழுகையில் நிற்கவேண்டும்.

"ருக்கு, கேளு" என்றார். "இந்த மரியாதை பெருசுன்னு சொல்லு. ஆனா நான் கண்ணு வெச்சதில்ல. கண்ணு வெச்சா உயிர் குடுக்கற எடத்துல போய் நிக்கற மாதிரி. எனக்கு அது பயம்." நிறுத்தினார். "இதனால உன் வேலைக்கு எதுனா வரும்னா, இப்பவே சொல்லிடு. வெச்சுடறன்."

ருக்ஸார் அத்தாவின் கையைப் பார்த்தாள். எத்தனை மொழியில் வெட்டியும் நடுங்காத கை.

"வெக்க வேணாம், அத்தா" என்றாள். பிறகு லின் சார் பக்கம் திரும்பிச் சீனத்தில் பேசத் தொடங்கினாள்.

அத்தா சொன்னது நாலு வரி. அவள் பேசிக்கொண்டே போனாள். கையால் கல்லைக் காட்டினாள், வானத்தைக் காட்டினாள், கேட் இருக்கும் திசையைக் காட்டினாள். லின் சாரின் புருவம் ஏறியது, இறங்கியது. தூரிகை மெல்லத் தாழ்ந்தது. திடீரென்று அவர் முகம் சின்னப்பையன் முகம்போல ஆயிற்று. தூரிகையைப் பெட்டிக்குள் வைத்து மூடி, அதாவுல்லாவுக்கு முன்பைவிட ஆழமாகக் குனிந்தார். கல்லை அப்படியே ஏற்றச் சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் அதாவுல்லா கேட்டார். "நான் சொன்னது கொஞ்சம். நீ அவ்வளவு நேரமா என்ன பேசின?"

"நீங்க சொன்னதைத்தான். கண்ணு வெச்சா உயிர் வந்துடும், எங்கத்தா அதுக்குப் பயப்படறாருன்னு. அவங்க ஊர்ல ஒரு பழங்கதை இருக்குது, அத்தா. ஒருத்தரு சுவத்துல டிராகன் வரைஞ்சிட்டுக் கண்ணு மட்டும் வெக்கவே மாட்டாராம், வெச்சா பறந்துடும்னு. ஜனங்க நம்பல. வெச்சே ஆகணும்னாங்களாம். வெச்சாராம். சுவத்தை உடைச்சிக்கிட்டுப் பறந்துடுச்சாம். எங்கத்தாவும் அந்த மாதிரி ஆளுன்னு சொன்னன். புது யூனிட் கேட்டுல இருந்து பறந்துட்டா நல்லதில்லன்னு லின் சாரே சொல்லிட்டாரு."

"நான் பறக்கறதைப் பத்திச் சொல்லவே இல்லியே."

"பயம் ஒண்ணுதானே, அத்தா?"

அதாவுல்லா யோசித்தார். பொய்யும் நிஜமும் சேர்கிற இடத்தில் ஒட்டுப்போட்ட கோடு ஒன்று தெரியுமே, அதைத் தேடினார். அகப்படவில்லை. மகள் பசை லைனில் வேலை செய்தவள். ஒட்டத் தெரிந்திருந்தது. அவளோ குழம்பு ஊற்றி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

முனீஸ்வரன் மட்டும் சமாதானமாகவில்லை. கண் திறக்காமல் ஒரு கல் தன் கையைவிட்டுப் போனது இதுதான் முதல் தடவை என்று ரொம்பநாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

திறப்புவிழா முடிந்தது, ருக்ஸாருக்கு நாற்காலி நிரந்தரமாயிற்று. ஐப்பசி மழையில் கேட்டுக்குப் பக்கத்துப் பெயர்க்கல் ஒன்று சாய்ந்துவிட, அதை நிமிர்த்த அதாவுல்லா காலையில் கம்பெனிக்குப் போனார். டிராகனைத் தூரத்திலிருந்து பார்த்தார். கிட்டே போனால்தான் மயிர். தூரத்திலிருந்து அது இன்னமும் நாகம் விரித்த படம்தான்.

அதைக் கண்டுகொண்டது அவர் மட்டுமில்லை. கல்லின் காலடியில் மஞ்சள், ஒரு முட்டை, கிழித்து ஊற்றிய பால் பாக்கெட். நைட் ஷிப்ட் முடித்து வெளியே வருகிற பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். கூட்டிப் பெருக்குகிற நஞ்சம்மா குங்குமப் பொட்டலத்தோடு கல்லின் முன்னால் நின்றிருந்தாள். கண் இருக்கவேண்டிய இரண்டு உருண்டைகளிலும் மழையில் கரைந்த சிவப்பு வழிந்து கிடந்தது.

"என்ன நஞ்சம்மா, கண்ணு வெக்கற?"

"வாங்க பாய். நாகப்பனுக்குக் கண்ணு வெக்காம விட்டுட்டீங்களே, அப்புறம் எப்படி கேட்டைப் பாத்துக்குவான்? ஆளுக்கொரு நாளு வெச்சு விடறோம். மழை வந்தா அழிஞ்சுபோவுது."

"அது சீனாக்காரங்க டிராகன். கண்ணு வெச்சா பறந்துடுமாம்."

நஞ்சம்மா டிராகனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கேட்டில் நின்ற செக்யூரிட்டியைப் பார்த்தாள்.

"எங்க பாய் பறக்கறது? கேட் பாஸ் இல்லாம இங்கிருந்து யாரு வெளிய போயிட முடியும்?"

சொல்லிவிட்டு விரலில் குங்குமத்தைத் தொட்டாள்.

அதாவுல்லா கையிலிருந்த கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார்.

"சரி, நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறன்" என்று சொல்லிவிட்டு, யாரும் குரல் கொடுக்காமலே ரோட்டைத் தாண்டினார்.